ஆறு மார்க் தெரு

எங்கள் தெருவில் ஒருவன் ஒரு பொருளை "அருமை" என்று சொன்னால், அதை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று அர்த்தம். "நல்லாத்தான் இருக்கு" என்றால் உள்ளே எங்கேயோ விரிசல். "இதெல்லாம் ஒரு சரக்கா?" என்று உதட்டைப் பிதுக்கினால், வாங்காமல் நகரமாட்டான். எல்லாவற்றுக்கும் உச்சியில் "பரவாயில்லை" என்று ஒரு சொல் உண்டு. அதை எங்கள் மாமா, கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில், அக்காவைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு முழுக்க அக்காவின் முகத்தில் சிரிப்பு இறங்கவில்லை.

பூட்டு, கீல், குழாய், கண்ணாடி, பெயின்ட் விற்கிற தெரு. நாற்பது கடை இருக்கும். காலையில் ஷட்டர் ஏறினால் சாயங்காலம் அது இறங்கும்வரை வாங்குகிறவன் குறை சொல்லிக்கொண்டிருப்பான், விற்கிறவன் புகழ்ந்துகொண்டிருப்பான். இதற்கு நடுவில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஒரு கணக்கு ரத்தத்திலேயே ஊறிவிடும்: புகழ்வது விற்கிறவன் வேலை. கையில் வைத்திருக்கிற பொருளை ஒருவன் புகழ்கிறான் என்றால், அவன் விற்கப் போகிறான். விற்கப் போகிறான் என்றால், அதில் ஏதோ இருக்கிறது.

மாமாவுக்குத் தாழ்ப்பாள் கடை. எதிரே என் பெயின்ட் கடை. அவருக்குத் தெருவில் பெயரே தாழ்ப்பாள்தான். பாதி அவர் விற்கிற சாமானுக்காக. மீதி, அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தையும் வெளியே வராது என்பதற்காக.

ஏழு வருஷத்துக்கு முன்னால் தெருவிலேயே முதல் ஆளாக ஒரு கொரியாக் கம்பெனி காரை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். அந்தக் காலத்தில் அந்தக் கம்பெனிக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. "டிவி, பிரிட்ஜ் பண்ற ஊருல கார் பண்ணினா, ரிமோட்டும் சேத்துத் தருவாங்களா?" என்றார் குழாய்க்கடைக்காரர். கண்ணாடிக்கடைக்காரர் வந்து, பானை வாங்குகிறவரைப் போலக் கதவை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "தகரம்" என்றார்.

"தகரம்தான்" என்றார் மாமா.

அடுத்த மூன்று மாசம் தெரு மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு அவரையே கவனித்தது. முதல் மாசம் அவர் சொன்னது: "கப் வைக்கிற குழியில என் டம்ளர் உக்கார மாட்டேங்குது." இரண்டாவது மாசம்: "ஹாரன் அடிச்சா, கொஞ்சம் வழி விடுறீங்களான்னு கெஞ்சற மாதிரி இருக்கு." மூன்றாவது மாசம்: "பெல்ட் போடலன்னா கத்துது. வீட்டுல ஒரு ஆள் கத்தறது பத்தாதா?"

அவ்வளவுதான். இஞ்சினைப் பற்றிப் பேச்சில்லை. பிரேக், ஏசி, மைலேஜ், ஒன்றைப் பற்றியும் மூச்சில்லை.

"மூணு மாசமா தேடியும் இந்த ஆளுக்கு டம்ளர்லதான் குறை கிடைச்சிருக்கு" என்று சொன்ன கண்ணாடிக்கடைக்காரர், அன்றைக்கே போய் அதே வண்டிக்கு முன்பணம் கட்டினார். அவர் குறை சொன்ன அழகைப் பார்த்துக் குழாய்க்கடைக்காரர் வாங்கினார். இப்படியே ஏழு வருஷத்தில் எங்கள் தெருவில் பதினாலு வண்டி. ஒருத்தர் கூட ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. கம்பெனி செலவு பண்ணிப் போட்ட விளம்பரம் ஒன்றும் எங்கள் தெருவில் எடுபட்டதில்லை. அதில் எல்லாமே புகழ்ச்சி.

இந்த ஏற்பாட்டில் கம்பெனிக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு தடவை சர்வீஸ் விட்ட பிறகும் ஒரு போன் வரும். "எங்கள் சேவைக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?" பதினாலு பேரும் ஒரே பதில் சொல்வார்கள்: ஆறு. கூடிப் பேசி வைத்ததல்ல. அஞ்சு என்றால் சண்டைக்கு நிற்கிற மாதிரி இருக்கும். ஏழு என்றால் பல் தெரிந்துவிடும். ஆறு என்பது கௌரவமான மார்க்.

ஆறு என்ற மார்க் கம்பெனியின் கணக்கில் எப்படி விழுகிறது என்று எங்களுக்குத் தெரியவந்தது, ஒரு செவ்வாய்க்கிழமை பதினோருமணி கடைக்கு வந்தபோதுதான்.

பதினோருமணி என்பது சர்வீஸ் சென்டரில் வண்டியை வாங்கி எழுதிக்கொள்கிற பெண்ணுக்குத் தெரு வைத்த பெயர். உலகத்தில் எந்த சர்வீஸ் சென்டரிலும் "சாயங்காலம்" என்றால் நாளை மறுநாள். இந்தப் பெண் மட்டும், "நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க" என்று சொல்லும். பதினோரு மணிக்குப் போனால் வண்டி கழுவித் துடைத்து நிற்கும். பில் தயாராக இருக்கும். கழற்றின பழைய பாகம் ஒரு பையில் கட்டி சீட்டுக்கு அடியில் இருக்கும், மாற்றவில்லையோ என்று சந்தேகப்படுகிறவர்களுக்காக. எங்கள் தெரு அந்தப் பெண்ணை அவ்வளவு மதித்தது. அதாவது, ஆளுக்கு ஆறு போட்டது.

அன்றைக்கு அவள் சீருடைக் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்துக்கொண்டு நின்றாள். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து தெருவைத் தாண்டி வந்தேன்.

"சார், நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்றாள் மாமாவிடம்.

"தப்பு பண்ணினா வண்டியை அங்க விடுவேனாம்மா?"

"அப்ப ஏன் சார் ஆறு?"

"ஆறுக்கு என்ன குறைச்சல்?"

அவள் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள். ஒன்பதும் பத்தும்தான் கம்பெனிக்கு மார்க். எட்டும் ஏழும் போன் போடாததற்குச் சமம். ஆறும் அதற்குக் கீழேயும் வந்தால், வாங்கி வைத்திருக்கிற நல்ல மார்க்கிலிருந்து கழித்துவிடுவார்கள். எங்கள் தெருவின் பதினாலு வண்டியும் வருஷத்துக்கு இரண்டு தடவை அவளைக் கழித்துக்கொண்டிருந்தன.

"மூணு மாசமா என் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழ இருக்கு சார். இந்த மாசமும் இப்படியே போனா துறைமுகத்துக் கிளைக்கு மாத்திடுவாங்க. அஞ்சு மணி நேரப் பயணம். பையன் ரெண்டாவது படிக்கிறான். ஷோரூமோட பின் சுவரும் அவன் பள்ளிக்கூடச் சுவரும் ஒண்ணுதான். மதியம் மணி அடிச்சா என் சீட்டுக்குக் கேக்கும். எங்க மாமியாருக்கு முட்டி போயிடுச்சு, படி இறங்க முடியாது. நான்தான் ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்து பக்கத்துல உக்கார வச்சுக்கறேன்."

மாமா கீல் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார். யோசிக்கும்போது செய்கிற வேலை.

கல்லாவிலிருந்து அக்கா கேட்டாள். "ஏங்க, பத்துன்னு சொன்னா உங்க சொத்துல பத்துல ஒண்ணு எழுதி வாங்கிடுவாங்களா?"

"உனக்கு விஷயம் தெரியாது. பத்துன்னு வாயால சொல்லிட்டு அடுத்த வண்டிக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தள்ளுபடி கேப்பேன்? 'நீங்கதானே சார் பத்து குடுத்தீங்க'ன்னு போட்டுக் காட்டுவான். இந்த உரையாடல் பதிவு செய்யப்படுதுன்னு அவனே முதல்ல சொல்லிடறான்."

"அந்தப் பொண்ணு அஞ்சு மணி நேரம் போனதுக்கு அப்புறம், வண்டி எப்ப வரும்னு கேட்டா சாயங்காலம்னு சொல்ற ஆளு வந்து உக்காருவான். அப்ப கேளுங்க தள்ளுபடி."

இது மாமாவுக்கு உறைத்தது. அடுத்த வாரம் அவர் வண்டி சர்வீசுக்குப் போய் வந்தது. மறுநாள் போன் வந்தபோது அக்கா கல்லாவை விட்டு எழுந்து வந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, எதிரிலேயே நின்றாள்.

"ஒன்றிலிருந்து பத்துக்குள்..." என்றது குரல்.

மாமா தொண்டையைச் செருமினார். ப என்று ஆரம்பித்தார். அது ஏறவில்லை. கடைசியில், "நீங்க எவ்வளவு எதிர்பாக்குறீங்க?" என்றார்.

"நாங்க எதிர்பாக்கக் கூடாது சார்."

"சும்மா சொல்லும்மா. மனசுல ஒரு எண்ணம் இருக்குமில்ல."

"நீங்கதான் சார் சொல்லணும்."

"சரி, ஏழு."

அக்கா முறைத்தாள்.

"ஏழரைன்னு போட்டுக்க."

"அரை மார்க் கிடையாது சார்."

"அப்ப எட்டு. இதுக்கு மேல எனக்குக் கட்டுப்படியாகாது."

போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு ஏத்தியிருக்கேன்" என்றார் அக்காவிடம், தானதர்மம் செய்த முகத்தோடு. எட்டு என்றால் போன் போடாததற்குச் சமம் என்பதை அக்கா அவருக்கு ஞாபகப்படுத்திய விதத்தை இங்கே எழுத முடியாது.

இதற்கிடையில் எங்கேயோ கொரியாவில் ஒருவர் ஒரு பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அதில் எங்கள் ஊர்க் கிளை விற்பனையில் முதல் இடம், வாடிக்கையாளர் திருப்தியில் கடைசி இடம். திட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப வாங்குகிற ஜனங்கள் இருக்கிற ஊர் என்றால் நேரில் போய்ப் பார்க்க வேண்டியதுதான் என்று, தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரியை அனுப்பினார்கள். சனிக்கிழமை காலையில் பதினாலு பேரும் ஷோரூமுக்கு வரவேண்டும் என்று அழைப்பு வந்தது. மேனேஜர் பதினோருமணியைக் கூப்பிட்டு, அந்தக் கூட்டத்தைப் பொறுத்துத்தான் துறைமுகமா இல்லையா என்று முடிவாகும் என்று சொல்லிவிட்டார்.

அக்கா சனிக்கிழமை காலையில் மாமாவின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே சொன்னாள். "நாலு வார்த்தை நல்லதா சொல்லிட்டு வாங்க. நீங்க புகழ்ந்ததை யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறா? வந்தவரு கொரியாவுக்குப் போயிடுவாரு."

பதினாலு வெள்ளை உறை போட்ட நாற்காலி. கூட வந்த எனக்கு உறை போடாதது ஒன்று. அதிகாரி ஒல்லியாக, இஸ்திரி கலையாமல், மடியில் ஒரு கறுப்பு நோட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு நடுவயது அம்மா. கொரிய சீரியல் பார்த்தே அந்த மொழியைக் கற்றவராம். அதனால் காதலும் சபதமும் துரோகமும் சரளமாக வரும், கிளட்ச் வராது.

கடைசி வரிசையில், பதினோருமணி சுவரோடு சுவராக நின்றாள்.

மாமா எழுந்தார். ஒரு தடவை அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, பல் பிடுங்க உட்கார்ந்தவர் போலக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னார்:

"இந்த வண்டி மாதிரி ஒரு வண்டி கிடையாது. அருமையான வண்டி. ஏழு வருஷத்துல ஒரு குறை கிடையாது. இந்தப் பொண்ணோட வேலை பிரமாதம். பத்துக்குப் பத்து."

மொழிபெயர்ப்பு அம்மா நெஞ்சில் கை வைத்து அதைச் சொன்னார். அதிகாரி எழுந்து குனிந்து வணங்கினார். மேனேஜர் கை தட்டினார். பதினோருமணி மூக்கை உறிஞ்சினாள். எனக்கு மட்டும் பின்னால் பதிமூன்று நாற்காலியும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டது கேட்டது.

குழாய்க்கடைக்காரர் என் காதருகே குனிந்தார். "உங்க மாமா வண்டிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே."

"ஒண்ணும் ஆகாமலா அருமைங்கறாரு?"

மத்தியானமே தெருவில் புகைய ஆரம்பித்துவிட்டது. ஏழு வருஷமாக டம்ளரில் குறை கண்டுபிடித்தவர் இப்போது ஒரு குறையும் இல்லை என்கிறார் என்றால், குறை சொல்ல முடியாத அளவுக்குப் பெரிதாக ஏதோ வந்திருக்கிறது. கண்ணாடிக்கடைக்காரர் அதற்குக் காரணமும் கண்டுபிடித்தார். "அவ்வளவு தூரத்துலேருந்து ஒருத்தர் மார்க் கேக்கவா வருவாரு? மூடிட்டுப் போகப்போறாங்க. தாழ்ப்பாளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. வண்டியைத் தள்ளப் பாக்குறாரு." சாயங்காலம் அது கியர்பாக்ஸ் ஆனது. ஞாயிற்றுக்கிழமை பிரேக் ஆனது. திங்கட்கிழமை காலையில் எங்கள் தெருவிலிருந்து ஒன்பது வண்டி சர்வீஸ் சென்டர் வாசலில் வரிசையில் நின்றது. ஒன்பதிலும் ஏதோ சத்தம் கேட்கிறதாம். ஆறு பேர் பழைய வண்டி வாங்கி விற்கிற புரோக்கருக்குப் போன் போட்டார்கள். ஆறாவது போன் வருவதற்குள் புரோக்கர் விலையில் அஞ்சில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. ஒரே தெருவிலிருந்து ஆறு பேர் ஒரே காலையில், "அருமையான வண்டி, விக்கணும்" என்றால் அவர் என்னதான் நினைப்பார்?

மாமா கடை கடையாக ஏறி இறங்கினார். "நிஜமாவே நல்ல வண்டிப்பா. என்னை நம்புங்க" என்றார். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் புரோக்கருக்குப் போன் போட்டார்கள்.

ஷோரூமில் வேறு வினை. புதிதாகப் பதிவு செய்திருந்த இரண்டு பேர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். மேனேஜர் பதினோருமணியைக் கூப்பிட்டு, "உங்க ஆளு புகழ்ந்த புகழ்ச்சியில கிளையே காலி. புதன்கிழமை அதிகாரி கிளம்பறதுக்குள்ள இது சரியாகலன்னா, துறைமுகத்துக்கு நீங்க மட்டும் போக மாட்டீங்க, நானும் வருவேன்" என்றார்.

அதிகாரி மெக்கானிக்குகளோடு சேர்ந்து ஒன்பது வண்டியையும் தூக்கிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. நோட்டை மூடிவிட்டுப் பதினோருமணியைப் பார்த்தார்.

"சனிக்கிழமை புகழ்ந்தாங்க. திங்கட்கிழமை விக்கறாங்க. இது துரோகமா, இல்ல சபதமான்னு கேக்குறாரு" என்றார் மொழிபெயர்ப்பு அம்மா.

இனி இழக்க என்ன இருக்கிறது என்று பதினோருமணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அருமை என்றால் என்ன, நல்லாத்தான் இருக்கு என்றால் என்ன, உதட்டைப் பிதுக்கி இதெல்லாம் ஒரு சரக்கா என்றால் என்ன, ஆறு என்றால் என்ன. "பரவாயில்லை"க்கு மட்டும் மொழிபெயர்ப்பு அம்மா பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். அதிகாரி ஒவ்வொன்றையும் கோடு போட்டு எழுதினார். எழுதிவிட்டுத் தலையை ஆட்டினார். நம்பவில்லை.

அவள் அங்கிருந்தே மாமாவுக்குப் போன் போட்டாள். "சார், கொஞ்சம் உடனே வந்து திட்ட முடியுமா?"

மாமா வந்த வேகத்தில் ஒரு செருப்பு ஷோரூம் படியிலேயே தங்கிவிட்டது. வரவேற்பு அறையில் ஒன்பது பேரும் டோக்கனை வைத்துக்கொண்டு, வாய்தாவுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மாமா சாவியை மேஜை மேல் டக்கென்று வைத்தார்.

"இந்தச் சாவியைப் பாருங்கம்மா. இது சாவியா, மிட்டாயா? பாக்கெட்ல இருக்கா இல்லையான்னு மணிக்கு ஒரு தடவை தடவிப் பாக்க வேண்டியிருக்கு."

ஒன்பது தலை நிமிர்ந்தது.

"மழை பெஞ்சா தானா துடைக்குதாம். நான் கேட்டேனா? எனக்குக் கை இல்ல? காலைல ஏறினா திரையில வணக்கம்னு போடுது. கடனா வாங்கியிருக்கேன் அதுகிட்ட? ரிவர்ஸ் எடுத்தா டொய்ங் டொய்ங்குன்னு அடிச்சு, பின்னாடி சுவர் இருக்குங்குது. என் வீட்டுச் சுவரு. நான் கட்டினது. அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "டம்ளர் என்ன ஆச்சு?" என்றார், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.

"ஏழு வருஷமா உக்காரலைய்யா. எத்தனை தடவை சொல்றது?"

"இஞ்சின்?"

"இஞ்சினைப் பத்தி எனக்கென்ன தெரியும்? அது ஓடுதா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது. சிக்னல்ல நின்னா நின்னு போச்சோன்னு பயமா இருக்கு. ஒரு வண்டின்னா கொஞ்சம் சத்தம் வேணாமா?"

அறையில் ஒன்பது பேர் விட்ட மூச்சில் மேஜை மேலிருந்த விலைப்பட்டியல் புரண்டது. குழாய்க்கடைக்காரர் எழுந்து டோக்கனை மேஜையில் வைத்தார். "என் சாவியைக் குடும்மா. சத்தம் இப்ப கேக்கல." அடுத்தவர் எழுந்தார். இன்னொருவர் வாசலுக்குப் போய்ப் புரோக்கரிடம், "விக்கறதா எவன் சொன்னான்?" என்று போனில் சண்டை பிடித்தார்.

மாமா இதொன்றையும் கவனிக்கவில்லை. மூன்று நாள் அடைத்து வைத்திருந்தது மடை திறந்துவிட்டது. சீட்டு ரொம்ப மெத்தென்று இருப்பதால் கடைக்கு வந்தால் ஸ்டூல் குத்துகிறது என்பதுவரை போனார். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். மொழிபெயர்ப்பு அம்மா ஒரு கட்டத்தில் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்த வண்டியை மறுபடி வாங்குவீர்களா?

"இதையா?" என்றார் மாமா. உதட்டைப் பிதுக்கினார். "இதெல்லாம் ஒரு வண்டியா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "வெள்ளையில இருக்கா? என் பொண்ணுக்கு. என்ன தள்ளுபடி?"

அதிகாரி அவரைப் பார்த்தார். நோட்டில் கோடு போட்ட இடத்தைப் பார்த்தார். அதன் பக்கத்தில் ஒரு டிக் அடித்தார்.

அவர் ஊருக்குப் போன இரண்டே வாரத்தில் எங்கள் தெருவின் ஆறுகளைக் கழிக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. கூடவே பதினோருமணிக்கு ஒரு கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் மறுபடி கடைக்கு வந்தாள். மறுபடி கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தாள்.

"என்னம்மா, நல்ல சேதிதானே?" என்றாள் அக்கா.

"பதவி உயர்வு, அக்கா."

"எங்க?"

"துறைமுகத்துக் கிளைக்கு."

தண்டனையாகப் போக வேண்டியிருந்த ஊர் இப்போது பரிசாக வந்திருக்கிறது. தூரம் மட்டும் அதே அஞ்சு மணி நேரம். வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. பதவி உயர்வை வேண்டாம் என்கிறவரை வேலையில் பற்றில்லாதவர் என்று கோப்பில் எழுதி, அடுத்த பட்டியலில் கழித்துக்கட்டிவிடுவார்களாம். ஒரு வழிதான் பாக்கி. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த அதிகாரி பதினாலு வாடிக்கையாளரிடமும் அவளைப் பற்றிப் போனில் கேட்கப்போகிறார்.

"சார், எனக்கு மார்க் போடணும்."

"எவ்வளவு?" என்றார் மாமா.

"அதுதான் சார் தெரியல."

கடை சாத்துகிற நேரத்தில் பதினாலு பேரும் என் பெயின்ட் கடையில், டப்பாக்கள் மேல் உட்கார்ந்து கூடினோம். விஷயம் நுணுக்கமானது. பதினாலு பேரும் ஆறு என்றால் பெண் துறைமுகத்துக்குப் போய்விடும். பதினாலு பேரும் பத்து என்றால், இப்போது அந்த அதிகாரிக்குத் தெருவின் கணக்கு தெரியும், வேலையே போய்விடும். அவள் எவனும் விரும்பி எடுத்துப்போகாத, ஆனால் தூக்கி எறியவும் மனசு வராத சரக்காகத் தெரிய வேண்டும்.

"வெயில் பட்ட பெயின்ட் டப்பா மாதிரி" என்றேன். "உள்ள சரக்கு நல்லாருக்கும். லேபிள் மட்டும் வெளுத்திருக்கும்."

"அப்ப நாலு பேரு அருமைன்னு சொல்லட்டும்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"நாலு பத்தாது. ஏழு" என்றார் குழாய்க்கடைக்காரர்.

"ஏழு சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவான்யா. உன் குழாய்க்கே மூணு புகார் வந்தா நான் மாத்திடறேன்."

பேரம் அரைமணி நேரம் ஓடியது. பதினோருமணி ஒரு ஓரத்தில் தன் விலை ஏறுவதையும் இறங்குவதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையன் அவள் மடியில் தூங்கிவிட்டான். கடைசியில் அக்காதான் முடித்துவைத்தாள். "அஞ்சு பேரு பத்து. ஒம்பது பேரு ஆறு. அதுக்கு மேலயும் வேணாம், கீழயும் வேணாம்."

அந்த அஞ்சு பேரில் தானும் ஒருத்தன் என்று மாமா அடம் பிடித்தார். வியாழக்கிழமை போன் வந்தது. அக்கா எழுந்து வந்து நிற்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"பத்து" என்றார் மாமா. எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. "அருமையான பொண்ணு. இவங்களை மாதிரி ஆளே கிடையாது. எங்க அனுப்பினாலும் பிரமாதமா வேலை செய்வாங்க. இன்னைக்கே அனுப்பினாலும் சரி."

மறுமுனையில் மொழிபெயர்ப்பு அம்மா சாவு வீட்டில் விசாரிக்கிற குரலில், "அப்படியா சார்? பத்தா? நிச்சயமாவா?" என்றார். பின்னால் காகிதத்தில் பேனா கீறுகிற சத்தம் கேட்டது.

பத்து நாள் கழித்துப் பதினோருமணி ஒரு கடிதத்தோடு வந்தாள். இந்தத் தடவை கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வந்தாள். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"சில வாடிக்கையாளர்கள் தெரிவித்த கருத்துகளைக் கணக்கில் கொண்டு, தங்கள் பதவி உயர்வு நிறுத்தி வைக்கப்படுகிறது. தங்கள் பணி மேலும் மூன்று ஆண்டுகளுக்கு இதே கிளையில் வைத்துக் கவனிக்கப்படும்."

மறுபடி ஒரு தடவை படித்தார். கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு அவள் கையில் கொடுத்துவிட்டு, கீல் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார்.

"மூணு வருஷம்தானா?" என்றார். "ஆறு பேரைப் பத்து சொல்ல வச்சிருந்தா அஞ்சு வருஷம் வாங்கியிருக்கலாம்."